வெளிநாட்டு பையர், உள்ளூர் டீலர், சாயப்பட்டறை: எல்லோருக்கும் ஒரே வாழ்த்து அட்டை அனுப்பலாமா?

நொய்யல்கரை

வணக்கம் நண்பர்களே. திருப்பூரில் ஒரு நடுத்தர பனியன் ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சன்டைசிங், அதாவது பையர்களின் ஆர்டர்களைக் கவனிக்கும் வேலை பார்க்கிறேன். எங்கள் எம்.டி. வருஷா வருஷம் டிசம்பரில் ஒரு வாழ்த்து அட்டை அடித்து, கணக்குப் புத்தகத்தில் பேர் இருக்கிற அத்தனை பேருக்கும் அனுப்பச் சொல்வார். இந்த வருஷம் அந்த வேலை என்னிடம் வந்திருக்கிறது.

அனுப்ப வேண்டியவர்கள்: எங்களிடம் துணி வாங்கும் ஜெர்மனி, இங்கிலாந்து, நெதர்லாந்து பையர்கள், அமெரிக்காவில் ஒருவர், போன வருஷம் புதிதாக வந்த ஜப்பான் பையர். உள்நாட்டில் கொல்கத்தா, டெல்லி, சூரத் மொத்த வியாபாரிகள். ஜிப், பட்டன் அனுப்பும் சீனாக்காரர்கள். அப்புறம் உள்ளூரில் நூல் மில், சாயப்பட்டறை, காம்பாக்டிங், பிரிண்டிங் யூனிட், பேங்க், ஆடிட்டர்.

எம்.டி.யின் திட்டம் இது: முன்பக்கம் தங்க ஃபாயிலில் பிள்ளையார். உள்ளே ஆங்கிலத்தில் கிறிஸ்துமஸ், புத்தாண்டு வாழ்த்து. எதிர்ப்பக்கத்தில் நாங்கள் புதிதாக ஆரம்பித்திருக்கும் ஆர்கானிக் காட்டன் லைன் பற்றி நாலு வரி. கீழே அவர் கையெழுத்து, ஸ்கேன் செய்து அச்சில். எல்லோருக்கும் இதே ஒரு அட்டை. எனக்கு இது சரியாகப் படவில்லை. ஆனால் "ஏன் கூடாது" என்று கேட்டால் சொல்ல என்னிடம் விஷயம் இல்லை. இதெல்லாம் போய்ச் சேரும் இடத்தில் இருப்பவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.

சிவகாசி_அச்சு

பிரஸ் வைத்திருப்பவன் என்ற முறையில் முதலில் ஒன்று சொல்கிறேன். கையெழுத்தை மட்டும் அச்சில் போடாதீர்கள். ஸ்கேன் கையெழுத்து எவ்வளவு நேர்த்தியாக அடித்தாலும் கையில் வாங்குபவருக்கு ஒரே நொடியில் தெரிந்துவிடும். பேனா ஓடினால் தாளில் லேசான பள்ளம் விழும், அது அச்சில் வராது. அட்டையைத் திறந்ததும் பலர் விரலால் கையெழுத்தைத் தடவிப் பார்ப்பார்கள், நானே பார்த்திருக்கிறேன்.

கையெழுத்துப் போடுவதென்றால் அட்டை அதற்குத் தோதாக இருக்க வேண்டும். நிறையப் பேர் 300 ஜிஎஸ்எம் ஆர்ட் போர்டு எடுத்து இரண்டு பக்கமும் பளபள லேமினேஷன் போடச் சொல்கிறார்கள். அதன் மேல் ஜெல் பேனா காயாது, பால்பாயின்ட் வழுக்கும், கவருக்குள் போட்டதும் எதிர்ப்பக்கத்தில் அப்பிக்கொள்ளும். வெளிப்பக்கம் என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள், உள்பக்கம் கோட்டிங் இல்லாத தாளாக விடுங்கள். வாழ்த்து வாசகத்துக்குக் கீழே பாதிப் பக்கம் காலியாக இருக்கட்டும்.

ஒரே அட்டை என்பதற்குச் செலவுதான் காரணம் என்றால் அதற்கும் வழி இருக்கிறது. முன்பக்கம், ஃபாயில், டை கட்டிங் எல்லாம் பொதுவாக வைத்துக்கொண்டு, உள்ளே இருக்கும் ஒற்றைக் கலர் எழுத்தை மட்டும் பண்டிகைக்குத் தக்கபடி பிளேட் மாற்றி அடிக்கலாம். கூடுதல் செலவு ரொம்பக் குறைவு. ஆனால் சீக்கிரம் வாருங்கள். ஆடிப்பெருக்கு அன்று காலண்டர் ஆல்பம் வெளியிட்டதும் இங்கே சீசன் தொடங்கிவிடும். தீபாவளி முடிந்ததும் எல்லா மெஷினும் காலண்டர் டெலிவரிக்கு ஓடிக்கொண்டிருக்கும். நவம்பர் கடைசியில் கிறிஸ்துமஸ் அட்டை கேட்டு வருபவர்களுக்கு நாங்கள் அவசர வேலைதான் செய்து கொடுக்க முடியும், நல்ல வேலை செய்ய முடியாது.

லெஸ்டர்வாசி

நான் இங்கிலாந்தில் ஒரு ஆடை இறக்குமதி அலுவலகத்தில் இருக்கிறேன். இந்தியா, வங்கதேசம், துருக்கி, சீனா என்று எல்லாத் திசையிலிருந்தும் அட்டை வரும் இடம் இது. இங்கே என்ன நடக்கிறது என்று சொல்கிறேன், உங்கள் எம்.டி.க்கு அதையே காட்டுங்கள்.

தபால் வந்ததும் ஒருவர் கவரைக் கிழித்து அட்டையைத் திறப்பார். உள்ளே "டியர் கஸ்டமர்" என்று இருந்தால், அல்லது பேரே இல்லாமல் அச்சடித்த வாசகம் மட்டும் இருந்தால், அது நேராக பழைய பேப்பர் டப்பாவுக்குப் போகும். ஒருவர் பேரை எழுதி, பேனாவால் ஒரே ஒரு வரி இருந்தால் அந்த அட்டை அவர் மேசைக்குப் போகும். அப்புறம் ஜன்னல் விளிம்பில் வரிசையாக நிற்கும், சில அலுவலகங்களில் சுவரில் நூல் கட்டித் தொங்கவிடுவார்கள். ஜனவரி ஆரம்பம் வரை அது அங்கேயே இருக்கும். போகிறவர் வருகிறவர் எல்லாம் எடுத்துப் பார்ப்பார்கள். நீங்கள் எதிர்பார்க்கும் விளம்பரம் அதிலேயே கிடைத்துவிடுகிறது, ஆர்கானிக் காட்டன் பற்றித் தனியாக எழுத வேண்டியதில்லை. எழுதினால் அது வாழ்த்து அட்டை என்ற கணக்கிலேயே வராது, நோட்டீஸ். புது லைன் பற்றிச் சொல்ல ஜனவரி இரண்டாம் வாரம் தனியாக மெயில் அனுப்புங்கள், அப்போது படிப்பார்கள்.

அந்த ஒரு வரி என்னவாக இருக்கலாம்? அந்த வருஷத்தில் நீங்களும் அவரும் சேர்ந்து செய்த ஏதாவது ஒன்று. "மார்ச்சில் நீங்கள் வந்திருந்தபோது சாம்பிள் ரூமில் எங்கள் பெண்களுடன் உட்கார்ந்து பேசியதை அவர்கள் இன்னும் சொல்கிறார்கள்." இவ்வளவு போதும். ஆர்டர், விலை, ஷிப்மென்ட் எதுவும் வேண்டாம்.

நேரம் முக்கியம். ஐரோப்பாவில் பெரும்பாலான அலுவலகங்கள் கிறிஸ்துமஸுக்கு முன்பே காலியாகத் தொடங்கிவிடும், ஜனவரி முதல் வாரம்தான் திரும்புவார்கள். டிசம்பர் முதல் பத்து நாளுக்குள் மேசையில் இருக்க வேண்டும். நீங்கள் நவம்பர் நடுவிலேயே உங்கள் ஊரில் தபாலில் சேர்த்துவிட வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, மினுமினுப்புத் தூள் தூவிய அட்டை வேண்டவே வேண்டாம். அதைக் காகிதத்தோடு மறுசுழற்சிக்குப் போட முடியாது. பிளாஸ்டிக் தூள் விற்பனைக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2023 அக்டோபரிலிருந்து கட்டுப்பாடும் கொண்டுவந்திருக்கிறது. ஆர்கானிக் காட்டன் விற்கிறவர்கள் அப்படி ஒரு அட்டை அனுப்பினால் பையர் என்ன நினைப்பார்?

ஆடிட்டர்_மேசை

நான் கொஞ்சம் எதிர்ப்பக்கம் நின்று பேசுகிறேன். 2025க்கு அப்புறமும் தாளில் அட்டை அடித்து, தபால்தலை ஒட்டி, கடல் தாண்டி அனுப்புவது தேவையா? பாதிப் பேர் வீட்டிலிருந்து வேலை பார்க்கிறார்கள், அட்டை அலுவலக மெயில் ரூமில் கிடக்கும். நம் மத்திய அரசே 2020 செப்டம்பரில் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் காலண்டர், டைரி அச்சடிக்கக் கூடாது, எல்லாம் டிஜிட்டல்தான் என்று சொல்லிவிட்டது.

அப்புறம், "அச்சடித்த வாசகம் இருந்தால் குப்பைக்குப் போகும்" என்கிறார் லெஸ்டர் நண்பர். கிறிஸ்துமஸ் அட்டை பிறந்ததே எல்லோருக்கும் தனித்தனியாகக் கடிதம் எழுத நேரமில்லாமல்தான். 1843ல் லண்டனில் ஹென்றி கோல் என்பவர் ஓவியர் ஹார்ஸ்லியிடம் படம் வரையச் சொல்லி ஆயிரம் அட்டை அடித்தார், மிஞ்சியதை ஒரு ஷில்லிங் விலைக்கு விற்றார். ஆரம்பத்திலேயே அது அச்சு வாழ்த்துதான். இன்றைக்கு மட்டும் அதை ஏன் குறையாகப் பார்க்க வேண்டும்?

என் ஆலோசனை: வாட்ஸ்அப்பில் அழகான ஒரு படம், எல்லோருக்கும். செலவு பூஜ்யம்.

லெஸ்டர்வாசி

@ஆடிட்டர்_மேசை, அந்த முதல் அட்டையின் படத்தைத் தேடிப் பாருங்கள் சார். மேலே அனுப்பப்படுபவர் பேருக்கும் கீழே அனுப்புபவர் பேருக்கும் காலி இடம் விட்டிருப்பார்கள், அதைக் கையால்தான் நிரப்ப வேண்டும். வாசகம் அச்சில் இருக்கலாம், பேரும் கையெழுத்தும் கையால் வர வேண்டும் என்பது அப்போதிருந்தே இருக்கிற வழக்கம்தான். நானும் அதைத்தான் சொன்னேன்.

வாட்ஸ்அப் படம் பற்றி: பொங்கலன்று காலை உங்கள் போனில் எத்தனை கரும்பும் பானையும் வந்து விழுகின்றன? அதில் எந்தப் படம் எந்தக் கம்பெனியிலிருந்து வந்தது என்று ஒன்றையாவது மறுநாள் சொல்ல முடியுமா? ஐரோப்பிய பையர்களில் பலர் வேலை விஷயத்தைத் தனிப்பட்ட எண்ணுக்கு அனுப்பினாலே முகம் சுளிப்பார்கள். வீட்டில் இருந்து வேலை பார்க்கிறார் என்று வீட்டு முகவரியைத் தேடிப் பிடித்து அங்கே அட்டை அனுப்புவதும் தப்பு, அந்த நாடுகளில் தனிப்பட்ட விவரங்களுக்குச் சட்டமே இருக்கிறது. அலுவலகத்துக்கே அனுப்புங்கள், அல்லது எந்த முகவரி வசதி என்று அவரிடமே கேளுங்கள்.

ஒசாகா_மழை

ஜப்பான் பையர் இருக்கிறார் என்றீர்களே, அவருக்குத் தயவுசெய்து கிறிஸ்துமஸ் அட்டை அனுப்பிவிட்டுக் கடமை முடிந்தது என்று விடாதீர்கள். இங்கே வியாபார வாழ்த்து என்றால் புத்தாண்டு அட்டைதான், நெங்காஜோ என்பார்கள். டிசம்பர் 15லிருந்து 25க்குள் தபாலில் போட்டால் அஞ்சல் துறை அத்தனையையும் பிரித்துக் கட்டி வைத்திருந்து ஜனவரி 1 காலை வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்க்கும். முன்கூட்டி வந்தால் வாழ்த்தே இல்லை. அட்டையில் லாட்டரி எண் வேறு இருக்கும், ஜனவரியில் குலுக்கல் நடக்கும்.

நம் ஊர்க்காரர்களுக்கு நான் சொல்லாமலே புரியக்கூடிய ஒரு விஷயம் இதில் இருக்கிறது. வீட்டில் சாவு விழுந்த வருஷம் அவர்கள் புத்தாண்டு கொண்டாட மாட்டார்கள். அதனால் டிசம்பர் ஆரம்பத்துக்குள் "இந்த வருஷம் நாங்கள் துக்கத்தில் இருக்கிறோம், புத்தாண்டு வாழ்த்துக்கு மன்னிக்கவும்" என்று வெளிர் நிறத்தில் ஒரு அட்டை எல்லோருக்கும் அனுப்பிவிடுவார்கள். அது வந்துவிட்டால் அந்த வீட்டுக்கு யாரும் வாழ்த்து அனுப்பக் கூடாது. ஏதாவது எழுதியே ஆக வேண்டும் என்றால் ஜனவரி 7 தாண்டி, பிப்ரவரி ஆரம்பத்துக்குள், "குளிர் காலத்தில் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று விசாரித்து ஒரு அட்டை. நம் வீடுகளில் "இந்த வருஷம் எங்களுக்குப் பண்டிகை இல்லை" என்று சொல்வோமே, கிட்டத்தட்ட அதே முறை. நாம் வாயால் சொல்கிறோம், அவர்கள் தபாலில் சொல்கிறார்கள். இதெல்லாம் குடும்பத்துக்குத்தான், கம்பெனிக்குக் கம்பெனி அனுப்புவதை இது பொதுவாகத் தடுக்காது. ஆனால் உங்கள் பையரின் அம்மாவோ அப்பாவோ அந்த வருஷம் காலமானார் என்று தெரிந்தால் நிறுத்திவிடுங்கள்.

முகவரி எழுதும்போது: ஆள் பேருக்குப் பின்னால் "சாமா". கம்பெனிக்கோ துறைக்கோ என்றால் "ஒன்சூ". இரண்டையும் சேர்த்துப் போடக் கூடாது. பேரைச் சிவப்பு மையில் எழுதக் கூடாது.

இன்னொரு பக்கமும் சொல்லிவிடுகிறேன். இந்த வழக்கம் இங்கேயே வேகமாகக் குறைகிறது. 2004 புத்தாண்டுக்கு சுமார் 446 கோடி அட்டை வெளியிட்டார்கள், 2025 புத்தாண்டுக்கு சுமார் 107 கோடிதான். 2024 அக்டோபரில் அஞ்சலட்டைக் கட்டணம் 63 யென்னிலிருந்து 85 யென் ஆனது. நிறையக் கம்பெனிகள் "அடுத்த வருஷத்திலிருந்து நாங்கள் அட்டை அனுப்புவதை நிறுத்துகிறோம், உறவு அப்படியே தொடர வேண்டும்" என்று முறையாக அறிவித்துவிட்டு நிறுத்துகின்றன. எனக்கு அந்தப் பழக்கம் ரொம்பப் பிடிக்கும். நிறுத்துவதைக் கூடச் சொல்லிவிட்டு நிறுத்துகிறார்கள். உங்கள் பையர் கம்பெனி அப்படி அறிவித்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அறிவித்திருந்தால் ஜனவரி 4 வாக்கில், அவர்கள் வேலை தொடங்கும் அன்று, நல்ல ஒரு மெயில் போதும்.

படாபஜார்_வழி

கொல்கத்தா வியாபாரிகளைப் பற்றி நான் சொல்கிறேன், நம் சரக்கு அங்கே போய்க்கொண்டிருப்பது பல தலைமுறையாக. அங்கே பிள்ளையார் படத்துக்குத் தடை இல்லை, சொல்லப்போனால் அதுதான் அழகு. வங்காளப் புத்தாண்டு நம் சித்திரை ஒன்றையொட்டி ஏப்ரல் 15 வாக்கில் வரும். அன்றைக்குக் கடைக்காரர்கள் புதுக் கணக்குப் புத்தகம் போடுவார்கள், ஹால்கத்தா என்று பேர். கணேஷ், லட்சுமி படம் போட்ட அழைப்பு அட்டை வாடிக்கையாளர்களுக்கு முன்கூட்டியே போகும். வருகிறவர்கள் பழைய பாக்கியில் ஒரு பகுதியாவது கட்டுவார்கள், இனிப்புப் பெட்டியும் காலண்டரும் கொடுத்து அனுப்புவார்கள். வியாபார வாழ்த்து அட்டையும் கணக்கும் ஒன்றாகப் போகும் இடம் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான். அந்த அட்டை உங்களுக்கு வந்தால் பதில் அனுப்பாமல் இருக்காதீர்கள்.

துர்கா பூஜை வாழ்த்து என்றால், "சுபோ பிஜோயா" என்று சொல்வது தசமியன்று சிலையைக் கரைத்த பிறகுதான். நவராத்திரி தொடங்கும்போதே அதை அனுப்பினால் அம்மனை அவசரமாக வழியனுப்புவது போல் ஆகும்.

சூரத் வியாபாரிக்கு தீபாவளியோடு முடியாது. குஜராத்திப் புத்தாண்டு தனி நாள். 2025ல் தீபாவளி அக்டோபர் 20, அவர்கள் வருஷப் பிறப்பு 22. அன்று காலையில் ஒரு போன், "சால் முபாரக்", அவ்வளவுதான், அட்டையை விட அது பெரிது. டெல்லிக்கு ஒரு எச்சரிக்கை. நமக்கு விடியற்காலை எண்ணெய்க் குளியல், அவர்களுக்கு மாலை லட்சுமி பூஜை, சில வருஷம் தேதியே மாறும். 2024ல் நமக்கு அக்டோபர் 31, வடக்கே சிலர் நவம்பர் 1ல் கொண்டாடினார்கள். அட்டையில் தேதி அச்சடிக்காதீர்கள்.

லெஸ்டர்வாசி

பிள்ளையார் பற்றி ஒரு வார்த்தை. கொல்கத்தாவுக்குச் சரி. ஐரோப்பாவுக்கு வேண்டாம் என்று நான் சொல்வது அவர்கள் கோபித்துக்கொள்வார்கள் என்பதற்காக இல்லை. அந்த அட்டை ஜனவரியில் எங்கே போகும்? மற்ற அட்டைகளோடு பழைய பேப்பரில். எங்கள் அலுவலகத்தில் வேலை பார்க்கும் நம் ஊர்க்காரர்கள், குஜராத்திகள் அதைப் போடவும் மனசில்லாமல் எடுத்துப் பத்திரப்படுத்தவும் வழியில்லாமல் மேசை டிராயரில் வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். கோலம், நெசவு, பருத்திப்பூ, உங்கள் ஊர் நொய்யல் எது வேண்டுமானாலும் போடுங்கள்.

அமெரிக்க பையருக்கு, அவர் எந்த மதம் என்று உறுதியாகத் தெரியாவிட்டால் கிறிஸ்துமஸ் என்ற பேர் இல்லாமல் பொதுவாக விடுமுறைக்கால வாழ்த்து, புத்தாண்டு வாழ்த்து என்று போடுவது அங்கே வழக்கம். ஜெர்மன்காரருக்குப் பட்டம் முக்கியம். டாக்டர் என்று அவர் கையெழுத்தில் இருந்தால் கவரிலும் இருக்க வேண்டும், முதல் பேரைச் சொல்லி அழைக்க அவராகச் சொல்லாதவரை குடும்பப் பேர்தான். அங்கே பல கம்பெனிகள் பரிசுப் பணத்தை இந்த வருஷம் நன்கொடையாகக் கொடுத்துவிட்டோம் என்று அட்டையிலேயே ஒரு வரி போடுவார்கள். உங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம் எதற்காவது உண்மையிலேயே கொடுத்திருந்தால் அந்த ஒரு வரியை நீங்களும் போடலாம். கொடுக்காமல் போடாதீர்கள்.

எனக்குத் தோன்றும் இன்னொரு யோசனை: டிசம்பர் கூட்டத்தில் போய் நிற்பதற்குப் பதில் பொங்கலுக்கு அனுப்புங்களேன். ஜனவரி நடுவில் மேசை காலியாக இருக்கும், உங்கள் அட்டை ஒன்றுதான் வரும். "எங்கள் ஊரில் இன்று அறுவடைத் திருநாள், இந்தக் கொண்டாட்டத்தில் உங்களையும் நினைத்தோம்" என்று எழுதினால் யாருக்கும் மதச் சங்கடமும் இல்லை.

ஒசாகா_மழை

பொங்கல் யோசனைக்கு என் ஓட்டு. ஆனால் ஐரோப்பிய பையர் உங்களுக்கு வருஷா வருஷம் கிறிஸ்துமஸ் அட்டை அனுப்புகிறவராக இருந்தால் அவருக்கு மட்டும் டிசம்பரிலேயே பதில் போய்விட வேண்டும். அவர் அனுப்பியதற்கு நாம் ஒரு மாதம் கழித்து வேறு பண்டிகைக்கு எழுதினால் அவர் அட்டை வந்து சேரவில்லை போல என்று நினைத்துக்கொள்வார்.

மஞ்சள்மண்டி

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். எனக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எங்கள் அப்பா காலமாகி நாலு தீபாவளி ஆகிவிட்டது. எங்களுக்கு மெஷின் விற்ற ஒரு கம்பெனி இன்னும் அவர் பேருக்கு அட்டை அனுப்புகிறது, "தங்களும் தங்கள் குடும்பமும் நலமுடன் வாழ" என்று. முதல் வருஷம் அம்மா அதை வாங்கிப் பிரித்துப் பார்த்தபோது வீட்டில் யாரும் பேசவில்லை. போன் செய்து இரண்டு தடவை சொன்னேன், பேரை மாற்றுகிறோம் என்றார்கள், மாற்றவில்லை. அதே கம்பெனியின் சர்வீஸ் ஆள் அப்பா சாவுக்கு நேரில் வந்து மாலை போட்டவர். ஆளுக்குத் தெரிந்தது கம்பியூட்டருக்குத் தெரியவில்லை, கேட்கவும் யாருக்கும் தோன்றவில்லை.

தயவுசெய்து எந்தத் தாள், எந்த ஃபாயில் என்று பார்ப்பதற்கு முன் லிஸ்ட்டைப் பாருங்கள். ஒவ்வொரு பேரையும், அவரோடு பேசிக்கொண்டிருக்கும் ஆளிடம் காட்டி "இவர் இருக்கிறாரா, எங்கே இருக்கிறார், வீட்டில் எல்லாம் சரியா" என்று கேளுங்கள். அதற்கு ஆள் இல்லாத பேருக்கு அட்டை அனுப்ப வேண்டாம்.

நொய்யல்கரை

@மஞ்சள்மண்டி, வருத்தமாக இருக்கிறது அண்ணா. நாளைக்கே லிஸ்ட்டைப் பிரித்து மெர்ச்சன்டைசர், பர்ச்சேஸ், அக்கவுன்ட்ஸ் மூவருக்கும் தனித்தனியாகக் கொடுத்துச் சரிபார்க்கிறேன்.

எல்லோர் பதிலும் எம்.டி.யிடம் படித்துக் காட்டினேன். பிள்ளையார் ஐரோப்பாவுக்கு இல்லை, ஆர்கானிக் காட்டன் எந்த அட்டையிலும் இல்லை என்று ஒத்துக்கொண்டார். இன்னும் மூன்று கேள்வி இருக்கிறது. ஒன்று, கையெழுத்து எம்.டி. போடுவதா, நாங்கள் போடுவதா? இரண்டு, ஒரு பையரோடு இப்போது டெபிட் நோட் தகராறு நடக்கிறது, துணியின் ஷேடு (நிறம்) மாறிவிட்டது என்று பணம் பிடித்திருக்கிறார்கள். அவருக்கு அனுப்பலாமா? மூன்று, அட்டையோடு ஏதாவது சின்னப் பரிசு வைக்கலாமா என்று எம்.டி. கேட்கிறார்.

ஆடிட்டர்_மேசை

மூன்றாவது என் பக்கம். பெரிய பையர்கள் எல்லோருக்கும் பரிசு பற்றி விதி இருக்கும், சப்ளையர் ஒப்பந்தத்திலேயே போட்டிருப்பார்கள், எடுத்துப் படியுங்கள். அட்டை எங்கேயும் பிரச்சினை இல்லை. அமெரிக்க மத்திய அரசு ஊழியர்களுக்கான விதியிலேயே வாழ்த்து அட்டை பரிசுக் கணக்கில் வராது என்று தனியாகச் சொல்லியிருக்கிறது. ஆனால் அட்டைக்குள் கிஃப்ட் கார்டு வைத்தீர்கள் என்றால் அது பரிசு, அங்கே பையரின் வேலைக்கே ஆபத்து. நம் பக்கத்திலும் பரிசாகக் கொடுக்கும் பொருளுக்கு ஜிஎஸ்டி உள்ளீட்டு வரி வரவு எடுக்க முடியாது, 17(5) பிரிவு. வெறும் அட்டை மட்டும் அனுப்புங்கள்.

அட்டை விஷயத்தில் நான் முதலில் சொன்னதிலிருந்து கொஞ்சம் மாறிவிட்டேன், கடல் தாண்டி இருப்பவருக்கு அது சரி. உள்ளூருக்கு மட்டும் என் கருத்து மாறவில்லை. சாயப்பட்டறைக்கும் பிரிண்டிங் யூனிட்டுக்கும் அட்டை அனுப்புவதற்கு முன்னால் பில்லை முடியுங்கள். சின்ன யூனிட்டுக்கு ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லாவிட்டால் 15 நாளில் பணம் கொடுக்க வேண்டும் என்று 2006ல் வந்த சிறு தொழில் சட்டமே சொல்கிறது. இப்போது வருமான வரியிலும் அதைக் கட்டிவிட்டார்கள், தாமதித்தால் செலவாகக் காட்டுவது தள்ளிப்போகும். தீபாவளிக்கு அந்த முதலாளி தன் ஆட்களுக்கு போனஸ் போட வேண்டும், அவர் கண் உங்கள் பணத்தின் மேல்தான் இருக்கும். பாக்கியை வைத்துக்கொண்டு தங்க ஃபாயிலில் வாழ்த்து அனுப்பினால் அவருக்கு வயிறு எரியும்.

படாபஜார்_வழி

இதற்கு நூறு சதம் உடன்படுகிறேன். உள்ளூர் ஆட்களுக்கு ஆயுத பூஜையன்று நேரில் போய் பொரி, சுண்டல் வாங்கிக்கொண்டு பத்து நிமிஷம் உட்கார்ந்து பேசிவிட்டு வாருங்கள். அவர் மெஷினுக்குச் சந்தனம் வைக்கும் நாள் அது. அன்றைக்கு உங்கள் எம்.டி. அங்கே நின்றால் எந்த அட்டையும் தேவையில்லை.

டெபிட் நோட் பையருக்கு: அனுப்ப வேண்டாம் என்பது என் கருத்து. பணம் தர வேண்டியவருக்கு அட்டை போனால் நினைவுபடுத்துவதாகத்தான் படும்.

லெஸ்டர்வாசி

அதில் நான் வேறு கட்சி. தகராறு இரண்டு கம்பெனிக்கு நடுவில். அட்டை போவது அங்கே உட்கார்ந்திருக்கும் ஒரு மனுஷிக்கு. வருஷா வருஷம் அனுப்பிவிட்டு இந்த வருஷம் மட்டும் நிறுத்தினால் அதுதான் பெரிதாகத் தெரியும், "கோபமாக இருக்கிறார்கள்" என்று நினைப்பார். அனுப்புங்கள், ஷேடு பற்றி ஜாடைமாடையாகக் கூட ஒரு சொல் வேண்டாம், "இந்த வருஷம் சிரமமாக இருந்தாலும்" என்பது போன்ற வரிகூட வேண்டாம். போன வருஷம் எழுதியது போலவே எழுதுங்கள். ஒரே ஒரு நிபந்தனை: அட்டை போய்ச் சேரும் வாரத்தில் உங்கள் அக்கவுன்ட்ஸ் ஆள் கறாராக ஒரு மெயில் அனுப்பாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கையெழுத்து: யார் அவரோடு தினமும் பேசுகிறாரோ அவர்தான் முதலில் எழுத வேண்டும். எம்.டி. அவரை நேரில் சந்தித்திருந்தால் கீழே தானும் போடட்டும். கையெழுத்து மட்டும் போட்டால் போதாது, பேரும் புரியும்படி இருக்க வேண்டும். நம் ஆட்கள் போடும் சுழியில் யார் என்றே இங்கே தெரியாது.

சிவகாசி_அச்சு

கையெழுத்துப் போடும் வேலையை ஒரே நாளில் முடிக்க வேண்டாம். எம்.டி. ஒரே மூச்சில் நூறு அட்டை போட்டால் கடைசி இருபது பார்க்கச் சகிக்காது. டீ நேரத்தில் பத்துப் பத்தாக வையுங்கள். கவரைத் தனியாகக் கொடுத்துவிடுகிறேன், முகவரியை லேபிள் அடித்து ஒட்டாமல் கையால் எழுத ஒரு நல்ல கையெழுத்துக்காரரைப் பிடியுங்கள். கவரில் கம்பெனி பேர் பின்பக்க மடிப்பில் சின்னதாக இருந்தால் போதும்.

சீனாக்காரர்களுக்கு மட்டும் தனி கவர் சொல்லுங்கள். வெள்ளைக் கவர் வேண்டாம், சிவப்பு கொடுக்கிறேன். அவர்கள் புத்தாண்டு 2027ல் பிப்ரவரி 6. அதற்கு முன்பே பேக்டரியைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போய்விடுவார்கள், ஜனவரி நடுவிலேயே சேர்ந்துவிட வேண்டும்.

நொய்யல்கரை

முடிவு செய்துவிட்டோம். ஐரோப்பா, அமெரிக்காவுக்குப் பருத்திப்பூ போட்ட அட்டை, டிசம்பரில் எங்களுக்கு அனுப்புகிறவர்களுக்கு டிசம்பரில், மற்றவர்களுக்குப் பொங்கலுக்கு. கொல்கத்தாவுக்கு சித்திரையில். சூரத்துக்கு போன். ஜப்பானுக்கு முதலில் விசாரிப்பு. சாயப்பட்டறை பில்லை தீபாவளிக்கு முன் முடிக்க அக்கவுன்ட்ஸில் சொல்லிவிட்டேன், எம்.டி. தலையாட்டியிருக்கிறார்.

லிஸ்ட் பார்த்தபோது ஒன்று வந்தது. நெதர்லாந்து பையராக இருந்த ஒரு அம்மையார் வேலை மாறி வேறு கம்பெனிக்குப் போய்விட்டார், அந்தக் கம்பெனி எங்கள் பையர் இல்லை. எனக்கு மெர்ச்சன்டைசிங் கற்றுக்கொடுத்ததே பாதி அவர்தான். அவருக்கு அனுப்பலாமா? வேலை கேட்பது போல் ஆகிவிடுமா?

லெஸ்டர்வாசி

கட்டாயம் அனுப்புங்கள், ஆனால் கம்பெனி அட்டையில் வேண்டாம். கடையில் நீங்களாக ஒரு அட்டை வாங்கி, உங்கள் பேரில், அவர் கற்றுக்கொடுத்தது எது என்று ஒன்றைச் சொல்லி எழுதுங்கள். விசிட்டிங் கார்டு உள்ளே வைக்காதீர்கள். பழைய இடத்தில் அவருக்குப் பதிலாக வந்திருப்பவருக்குத் தனியாக ஒரு கம்பெனி அட்டை, அவர் பேரின் எழுத்தைக் கேட்டுச் சரிபார்த்து.